நான் துக்கம் விசாரித்த மின்னஞ்சல்

1

யாரென்றே தெரியாத ஒருவர், ஏமாற்றுவதற்காகவே, பொய்யாக நம்மிடம் துக்கம் விசாரித்தால் அதைத் துக்கம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது 'கூடாது' என்று தோன்றும். துணி மடிக்கும்போது 'ஏன் கூடாது' என்று தோன்றும்.

நம் பள்ளியின் பழைய மாணவியர் மலருக்கு 'வெளியூரில் என் வாழ்க்கை' பற்றி எழுதச் சொல்லி டீச்சரிடமிருந்து கடிதம் வந்தபோது, முதலில் மாட்டேன் என்றுதான் நினைத்தேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எழுதுகிற பகுதி அது. நான் இருப்பது பெங்களூரில், ஓசூர் ரோட்டை ஒட்டி, பொம்மசந்திராவுக்கும் ஆனேக்கலுக்கும் நடுவில். குடியாத்தத்தில் காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். ஆனாலும் கரண்ட் பில்லில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்குப் பக்கத்து வீட்டு அம்மா வேண்டியிருக்கிறது. ரேஷன் கார்டுக்காக நின்ற கவுண்டர்களில் எல்லாம் "கன்னடா பரல்வா?" என்று கேட்டிருக்கிறார்கள். வராதா என்று கேட்கிறார்கள். வராது என்று சொல்லவும் கன்னடம் வேண்டும். அந்த அளவில் இதுவும் வெளியூர்தான்.

எழுத வைத்தது ஒரு சின்ன விஷயம். என் மகளுக்கு ஆறு வயது முடிகிறது. பள்ளியில் அடையாள அட்டை போடுகிறார்களாம். மூன்று புகைப்படம் கொடுத்தனுப்பச் சொல்லி டைரியில் எழுதி விட்டிருந்தார்கள். நான் மூன்று நாள் அனுப்பவில்லை. நாலாம் நாள் அவளுடைய மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார். இவள் என்னிடம் வந்து, "அம்மா, எல்லார்தும் கொட்டாய்த்து. நந்து மட்டும்தான் இல்ல" என்றாள். எல்லாரும் கொடுத்தாயிற்று, என்னுடையது மட்டும்தான் இல்லை என்கிறாள். பாதி கன்னடம், பாதி தமிழ். இரண்டுக்கும் நடுவில் கண்ணில் தண்ணீர்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதி அனுப்பியது போதும். பாப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

என் சின்ன வயதில் சாவுச் சேதி கடுதாசியில்தான் வரும். கார்டின் மூலையில் கருப்பு மை தடவியிருக்கும். அதைத் தபால்காரர் மற்றக் கடிதங்கள் மாதிரி உள்ளே வீச மாட்டார். கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அம்மா வாசலில் நின்றபடியே படிப்பாள். படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் ஓடிப்போய் அனுப்பியவர் விலாசத்தை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். செய்தவுடன் கார்டு நாலாகக் கிழிந்து வாசலோரச் சாக்கடைக்குப் போய்விடும். அம்மா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவாள். சாவுக் கடுதாசி வீட்டில் ஒரு ராத்திரி தங்கக் கூடாது.

விலாசத்தை நான் மனப்பாடம் செய்வது பதில் எழுதுவதற்காக. அப்பா நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. உறவெல்லாம் சிதறிக் கிடந்தது. எல்லாச் சாவுக்கும் பஸ் ஏறிப் போக முடியாது. "போக முடியாத சாவுக்குக் கடுதாசியாவது போய்ச் சேரணும்" என்பாள் அம்மா. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டின் துக்கக் கடிதங்களெல்லாம் என் பொறுப்பு. மூன்று நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். 'நலம்' என்று ஆரம்பிக்கக் கூடாது. எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாதல்லவா, அதே மாதிரி கடிதத்தை 'மீண்டும் எழுதுகிறேன்' என்று முடிக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. தப்பாக எழுதினால் அம்மா கார்டைக் கிழித்துவிட்டுப் புதுசு கொடுப்பாள். அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

கல்யாணமாகி வந்த பிறகும் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். பி.எஸ்ஸி. படித்தது பயன்படவில்லை.

3

என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். பாப்பாவுக்கு நாலு வயது நடக்கும்போது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். "நீயும் கத்துக்கோ, எத்தனை நாளைக்கு ரேடியோவே கேட்டுட்டு இருப்ப" என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தார். போன் லைனைச் சொருகினால் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு இணையம் வரும். எனக்கு யார் எழுதப் போகிறார்கள்? சென்னையில் இருக்கும் நம் பள்ளித் தோழி கலைவாணி மாதம் ஒன்று எழுதுவாள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் ஆனி மாதத்தில் எனக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது. ஐந்தாம் மாதம் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று இருந்ததால் இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அதே வாரம் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம். சுபகாரியம் நடக்கிற வீட்டுக்கு இதை எப்படிச் சொல்வது? பாப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல், பஸ்ஸில் கூட்டிவர முடியாது என்று போனில் சொன்னேன். பாப்பா பின்னால் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து, மூன்று நாள் லீவு போட்டு, அவரே ரசம் வைத்தார். நாலாம் நாள் வேலைக்குப் போனார். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. உருவம் சரியாக வராத ஒன்றுக்குக் காரியம் கிடையாது, கார்டு கிடையாது, கேட்டு வருபவர்களும் கிடையாது.

ஆடியில் அந்த மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில். மார்கரெட் என்று ஒரு பெண்மணி. நாட்டின் பெயரும் இருந்தது; அதுவும் பொய்யாகத்தான் இருக்கும், அந்த நாட்டை ஏன் இழுக்க வேண்டும். கணவர் விபத்தில் இறந்துவிட்டார், தனக்கும் தீராத நோய், கணவர் விட்டுப்போன பெரும் பணத்தை நல்ல மனமுள்ள ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், கடவுள் உன்னைக் காட்டினார் என்று எழுதியிருந்தாள்.

படித்தவுடன் என் கண் நின்றது பணத்தில் இல்லை. 'என் கணவர் இறந்துவிட்டார்' என்ற வரியில். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள். இது சாவுக் கடுதாசி. மூன்று நாளுக்குள் பதில் போக வேண்டும்.

இரண்டாம் நாள் எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு, தப்பில்லாத ஆங்கிலத்தில். உங்கள் கணவர் மறைவு அறிந்து வருந்துகிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பணத்தைப் பற்றி: எங்களுக்கு வேண்டாம், உங்கள் ஊரில் அநாதை ஆசிரமம் இருந்தால் அதற்குக் கொடுப்பது புண்ணியம். அனுப்பிவிட்டு, வந்த கடிதத்தை அழித்தேன். அழித்தவை எல்லாம் ஒரு குப்பைத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதையும் காலி செய்தேன். பிறகு எழுந்துபோய் காலைக் கழுவினேன். சிரிக்காதீர்கள். கழுவினேன்.

அடுத்த வாரம் பதில் வந்தது. பணத்தைப் பற்றிக் கொஞ்சம், வங்கிக் கணக்கு எண் கேட்டு. வங்கி விஷயமெல்லாம் என் கணவர்தான் பார்ப்பார் என்று எழுதினேன். அதற்கு மேல் அவள் அதைக் கேட்கவில்லை. ஆனால் 'உன் கடிதத்தைப் படிக்கும்போது உனக்குள்ளும் ஒரு துக்கம் இருப்பதாகத் தெரிகிறது, அது என்ன?' என்று கேட்டிருந்தாள்.

கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

நான் எழுதினேன். முதல் இரண்டோடு சேர்த்து மொத்தம் ஏழு கடிதங்கள். ஆனி மாதத்தில் நடந்தது, தங்கை கல்யாணத்துக்குப் போகாதது, பாப்பா என்னிடம் கன்னடத்தில் பேசுவது, அவர் பேசாமல் இருப்பது. மூன்றாவது கடிதத்தை 'மறுபடி எழுதுங்கள்' என்று முடித்தேன். துக்கக் கடிதத்தில் எழுதக் கூடாத வார்த்தை என்று தெரிந்தேதான். அவளும் எழுதினாள். தனக்கும் ஒன்று அப்படிப் போனது என்று எழுதினாள். அவள் எழுதுவதெல்லாம் சாவு பற்றியே இருந்ததால் ஒவ்வொன்றையும் படித்தவுடன் அழித்தேன்.

கடைசியில், உன் மகள் படம் அனுப்பு, படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுக்காகப் பிரார்த்திக்கிறேன் என்றாள். பாப்பாவின் நாலாம் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த படம். ஸ்டுடியோக்காரர் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார். பின்னால் அருவி வரைந்த திரை. என் தங்கை தைத்த மஞ்சள் பட்டுப் பாவாடை. இடது கன்னத்தில் கண் படாமலிருக்க நான் வைத்த திருஷ்டிப் பொட்டு, கொஞ்சம் பெரியதாகவே.

அனுப்பினேன். பெயரோடு. அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. நோய் முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவளுக்காக ஒரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன்.

4

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரோடு வேலை பார்க்கும் சதாசிவம் வந்தார். தர்மபுரிக்காரர். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். அன்றைக்கு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா. காபி போடறேன்."

"வேணாங்கக்கா. சார் இருக்காரா?" கையில் மடித்த காகிதம். "பாப்பா நல்லா இருக்குதுல்ல?"

"இதோ, உள்ளதான் கத்திட்டிருக்கா. ஏன்?"

சதாசிவம் காகிதத்தை வெளியே வந்த என் கணவரிடம் கொடுத்தார். "ஆபீஸ்ல எல்லாருக்கும் வந்திருக்கு சார். பத்து பேருக்கு அனுப்புங்கன்னு. பேரு வேற ஏதோ போட்டிருக்கு. ஆனா அந்தப் பொட்டு... நானே எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன், கன்னத்துல ஒரு ரூபா காசு ஒட்டினாப்பல இருக்குன்னு."

அருவித் திரை. மஞ்சள் பாவாடை. கீழே ஆங்கிலத்தில்: இந்தச் சிறுமிக்கு இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்க மாட்டாள். மனமிருந்தால் உதவுங்கள், இல்லாவிட்டால் பத்துப் பேருக்காவது இதை அனுப்புங்கள்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மார்கரெட் இல்லை. 'பாப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல்' என்று நான் போனில் சொன்னது. என் மகளுக்கு நோய் என்று முதலில் பொய் சொன்னது நான்தான். இவர்கள் இரண்டாவது.

சதாசிவம் போன பிறகு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டார். அவளுடைய கடிதம் ஒன்றுகூட இல்லை. நான் அனுப்பியவை மட்டும் ஏழும் அனுப்பிய கடிதங்கள் பகுதியில் வரிசையாக இருந்தன. சொந்தக் கடிதங்களை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதில் சாவு இல்லையே. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தேன்.

"'என் கணவர் நல்லவர்'" என்று அவர் உள்ளேயிருந்து மொழிபெயர்த்துப் படித்தது கேட்டது. "'ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கவுண்டர் மூடிய ஆபீஸ் போல.' நானா?"

மவுஸ் சொடுக்கும் சத்தம். அடுத்த கடிதத்துக்குப் போனார்.

"ஆனி மாசத்தப் பத்தி இவ்வளவு எழுதியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

"அந்தம்மா கேட்டுச்சா?"

"கேட்டாங்க."

"அம்மாவாவது, ஒண்ணாவது. மீசை வெச்ச நாலு பேரு ஒரு ரூம்ல உக்காந்து தட்டியிருப்பானுங்க."

அதைத்தான் நான் நினைத்துப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தட்டைத் துணியால் மூடி எடுத்துப்போனதை எழுதியிருந்தேன். அதை யாரோ நாலு பேர் படித்துச் சிரித்திருப்பார்கள். சிரித்தார்களோ, படிக்கவே இல்லையோ. எது பரவாயில்லை என்று தெரியவில்லை.

அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் கீரையை எடுத்துத் தப்பும் தவறுமாக ஆய்ந்தார். "கவுண்டர் தொறந்திருக்கு. சொல்லு" என்றார்.

எனக்குச் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதித் தீர்த்திருந்தேன்.

5

கணினி சம்பந்தப்பட்ட புகார்களுக்கென்று நகரத்தில் ஒரு காவல் நிலையம் இருப்பதாக விசாரித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். புகாரைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மூன்று பிரதி எழுதச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுதினேன். என் நல்ல கையெழுத்தில். 'இழப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.

"எஷ்டு ஹோய்த்து?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி. எவ்வளவு போயிற்று?

"பணம் எதுவும் போகல சார்" என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"பின்னே இழப்பு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். கடைசியில் அந்தக் கட்டத்தில் 'புகைப்படம் ஒன்று' என்று எழுதினோம். எழுதியதைப் பார்த்தபோது ஏதோ ஆல்பத்திலிருந்து ஒரு படம் தொலைந்ததைப் போல இருந்தது.

விவரம் கேட்கப் பெண் தலைமைக் காவலர் ஒருவரை அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். பெயர் ரத்னம்மா.

"தமிழா நீங்க? முன்னாடியே சொல்லக் கூடாதா. நாங்க இங்கயே அல்சூரு. எங்க தாத்தா காலத்துலயே வந்துட்டாங்க. பேசுவேன், எழுத மட்டும் வராது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏழு கடிதங்களின் அச்சுப் பிரதியை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்கு உடம்பு கூசியது. "எல்லாம் நீங்க எழுதினதுதான் இருக்கு. அவ எழுதினது எல்லி? எங்கே?"

"டிலீட் பண்ணிட்டேங்க."

"யாக்கம்மா? எதுக்கு? அதுதானே நமக்கு வேணும். குப்பைத் தொட்டியில இருக்கும், பாருங்க."

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"அய்யோ, அதையுமா! யாராவது பண்ணச் சொன்னாங்களா? பயந்துட்டுப் பண்ணீங்களா?"

பக்கத்தில் அவர். எதிரில் அந்த இளம் அதிகாரியும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

"சாவுக் கடுதாசி வீட்டுல தங்கக் கூடாதுன்னுட்டு."

அதிகாரி, "ஏன் ஹேளிதரு?" என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார். ரத்னம்மா கன்னடத்தில் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார். ரத்னம்மா சிரிக்கவில்லை.

"நம்ம மனேலூ ஹரீத்தாரே சார்" என்றார். எங்கள் வீட்டிலும் கிழிப்போம், சார்.

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இனிமே எது வந்தாலும் அழிக்கக் கூடாது. பாப்பா படத்தோட வர்ற மெயில் ஒவ்வொண்ணும் சாட்சி. எப்போ கூப்பிடுவோமோ, அப்போ வேணும். ஆய்த்தா? சத்தியமா?"

"சத்தியமா" என்றேன்.

அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அனுப்பியவன் எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறானோ. இன்னும் கூப்பிடவில்லை.

6

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், கலைவாணியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அவள் என் கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்ததில்லை. பாப்பாவைப் பார்த்ததே இல்லை. 'பாவம்டி இந்தக் குழந்தை, படிச்சிட்டு அழுதுட்டேன்' என்று ஒரு வரி எழுதி, தனக்கு வந்ததை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள்.

அருவித் திரை. மஞ்சள் பாவாடை. திருஷ்டிப் பொட்டு. படத்தைச் சுற்றி இந்த முறை கருப்புக் கட்டம். இந்தச் சிறுமி உதவி கிடைக்காமல் இறந்துவிட்டாள். இவளைப் போன்ற மற்ற குழந்தைகளுக்காவது உதவுங்கள்.

பாப்பா அப்போது என் பின்னால் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு, திரையை மூடிவிட்டுத் தூக்கியிருக்க வேண்டும். அவள் பார்த்துவிட்டாள்.

"அம்மா! நன்ன ஃபோட்டோ!" கை தட்டினாள். "யாரு போட்டாங்க? அதுல என்ன எழுதியிருக்கு?"

"நல்ல பொண்ணுன்னு எழுதியிருக்கு."

"ஜி, ஐ, ஆர், எல்" என்று விரல் வைத்துப் படித்தாள். "கர்ல். இதுதானே நானு? அப்புறம் இது என்ன? டி, ஐ..."

திரையை அணைத்தேன்.

துக்கச் செய்திக்கு மூன்று நாளுக்குள் பதில் எழுதுகிறவள் கலைவாணிக்குப் பதில் எழுதவில்லை. அது என் மகள், அடுத்த அறையில் தூங்குகிறாள் என்று எழுத உட்கார்வேன். கை ஓடாது. இன்றுவரை எழுதவில்லை. என் மேல் கோபமாக இருப்பாள். இந்த மலர் அவளுக்கும் வரும், கலை, தெரிந்துகொள்.

அந்தக் கடிதம் இன்னும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரத்னம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேனே. 'சாட்சி' என்று பெயர் வைத்த ஒரு பெட்டிக்குள் என் கணவர் போட்டு வைத்திருக்கிறார். நான் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது கூடத் தீட்டு வீட்டைத் துடைப்பதுபோலத் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கிறேன். பாப்பாவுக்குச் சளி பிடித்தால் அந்தப் பெட்டி ஞாபகம் வருகிறது. போன மாதம் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நான் அந்த அறைக்குள் போகவே இல்லை.

"நீ படிச்சவதானே" என்கிறார் அவர். "ஒரு ஃபைல். அதுக்கு உசுரா இருக்கு?" படித்தவள்தான். அதனால்தான் இதைச் சொல்ல இவ்வளவு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரும் போன வாரம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனபோது, ஃப்ளாப்பியெல்லாம் வேண்டாம், காகிதத்தில் மூன்று பிரதி மட்டும் போதும் என்று இரண்டு தடவை சொன்னார். எடுத்ததை எங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லி நின்று பார்த்தார். ஸ்டுடியோக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பாப்பா கன்னத்தில் பொட்டு வேண்டாம் என்று அழித்துவிட்டாள். "எல்லாரும் நகுத்தாரே" என்றாள். எல்லாரும் சிரிப்பார்களாம்.

இதை எழுதுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மலரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாதல்லவா. தங்கை கல்யாணத்துக்கு வராத காரணத்தையும் சொன்னேன்.

"எத்தனாவது மாசம்?" என்றாள் அம்மா.

"நாலு."

"மண்டபத்துல அத்தனை ஜனம் இருக்க, ஒனக்குன்னு ஒரு தட்டுல சீர்ப் பலகாரம் எடுத்து மூடி வெச்சேன். வரலன்னதும் கோவத்துல பூக்காரிக்குக் குடுத்தேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சொல்லியிருந்தா மறுநாளே பஸ் ஏறி வந்திருப்பேனேடி. ஊரு பேரு தெரியாதவ வந்து கேக்கற வரைக்குமா இருப்ப?"

மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"அந்தக் கடுதாசிய மொதல்ல அழி. சாவு சேதிய வீட்டுல வெச்சுக்கிட்டு, அதுவும் உசுரோட இருக்கற புள்ளையோட சேதி... எந்தப் போலீஸு சொன்னா என்ன."

"சத்தியம் பண்ணிட்டேன்மா."

"பண்ணுவ. எல்லாரு கிட்டயும் பண்ணுவ" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். பிள்ளைகளை வெளியூரில் வளர்த்தவர்கள் இருக்கிறீர்கள். என் மகள் உயிரோடு, கூடத்தில், கன்னடப் பாட்டுப் பாடிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடுகிறாள். அவள் செத்துப்போனதாகச் சொல்லும் கடிதம் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அழித்தால் செய்தவனைப் பிடிக்க இருக்கும் ஒரே நூலையும் நானே இரண்டாம் முறை அறுத்தவள் ஆவேன். வைத்திருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்ட பிள்ளை என்றைக்காவது அந்தப் பெட்டியைத் திறப்பாள். அவளுக்கு அது தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டுமா? எத்தனை வயதில்? 'உன் படத்தை அம்மாதான் கொடுத்தேன்' என்பதை எந்த மொழியில் சொன்னால் அவளுக்குச் சரியாகப் புரியும்?

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். மலரின் முகவரிக்கே எழுதுங்கள், டீச்சர் எனக்கு அனுப்பி வைப்பார்கள். தயவுசெய்து காகிதத்தில், உங்கள் கையெழுத்தில். படித்துவிட்டுக் கிழிக்க மாட்டேன்.